பற்றரியின் பசியைத் தீர்ப்போம்



வட்டவளைப் பகுதி ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெறும் பகுதி. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் யூன், யூலை மாதங்களிற் பகலிலேயே விளக்குத் தேவைப்படும். அந்த நாட்களிற் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடு பெயருக்குத்தான் வேலை செய்கின்றது. அதனோடு இணைத்த பற்றரி மாதக்கணக்காக அரைவயிற்றோடு கிடக்கின்றது. மழை முடிந்து வெயில் வந்த பின்னரும் அது பழைய பலத்தைப் பெறுவதில்லை. "பற்றரி பழுதாய்ப் போய்விட்டது, இனிப் பழைய ஈயத்துக்குத்தான் விற்கவேண்டும்" என்று முடிவு செய்துவிடுகின்றோம். ஆனால் இவ்வாறு கைவிடப்படும் பற்றரிகளுட் பல, வயது முதிர்ந்து சாவன அல்ல. பசியாற் சாவன.

இந்தப் பசியை எவ்வாறு அறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பதே இந்தப் பாடம். வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு மின்வழங்கி, ஒரு மல்ரிமீற்றர், ஒரு நீரமானி ஆகிய மூன்றும் பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தாற் போதும். மிகுதிக்கு வேண்டியது பொறுமையும் ஒரு குறிப்புப் புத்தகமும்.

இதை இப்போது எழுத ஏன் முற்பட்டோம்?

மலையகத்தில் வெளிச்சம் என்பது எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. இந்த மலைகளின் நீரிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918-ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துரைத்தார். வட்டவளைக்கு அயலிலுள்ள பழைய லக்சபான மின்நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தொழிற்சாலைகள் சில, அதற்கும் முன்பே தமது ஓடைகளிற் சுழலிகளை வைத்து மின்சாரம் எடுத்தன. ஆயினும் தொழிற்சாலை ஒளிர்ந்த காலத்தில் லயத்துக் காம்பறாக்களிற் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. 1997-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய கிராமிய மின்திட்டமும், 2002-இல் அதைத் தொடர்ந்து வந்த திட்டமும் நாட்டின் பல கிராமங்களுக்குச் சூரியத் தகடுகளையும் சிறு நீர்மின் நிலையங்களையும் கொண்டுவந்தன. தகட்டோடு பற்றரியும் வந்தது. பற்றரியைப் பேணும் அறிவு எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை.

இன்று மின்கம்பி பெரும்பாலான இடங்களுக்கு வந்துவிட்டது. என்றாலும் 2022-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலையோ இதிலும் கடினம். 2014 ஒக்டோபர் 29-ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலையகத்தைத் தாக்கியபோதும், மக்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் தங்கினர். இரவிற் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும், மண்சரிவு எச்சரிக்கையை வானொலியிற் கேட்கவும், உறவினரோடு தொலைபேசியிற் பேசவும் ஒரு பற்றரி வேண்டியிருக்கின்றது. வடக்கிலிருந்து வந்து நம்மோடு வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990-களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, ரோச் பற்றரிக்கும் தடை என்றிருந்த நாட்களிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் அவர்கள்.

ஒரு பற்றரியின் விலை பல வாரக் கூலிக்குச் சமம். அதை இரண்டு ஆண்டுகளிற் சாகவிடுவதும் ஐந்து ஆண்டுகள் உழைக்க வைப்பதும் பெரும்பாலும் நமது கையிலேயே உள்ளது.

1. பற்றரிக்குள்ளே நடப்பது என்ன?

ஈயப் பற்றரியை 1859-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிளான்ரே கண்டுபிடித்தார். வடிவம் மாறினாலும் உள்ளிருக்கும் வேலை அன்றுபோலவே இன்றும் நடக்கின்றது. 12 வோல்ற் பற்றரி ஒன்றினுள் ஆறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கலமும் 2 வோல்ற்றுக்குச் சற்று அதிகமாகத் தரும். கலத்தினுள் ஈயத் தகடுகளும் ஈய ஒட்சைட்டுத் தகடுகளும் நீர் கலந்த சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன.

நாம் விளக்கெரிக்கும்போது அமிலம் தகடுகளுக்குட் சென்று ஈயசல்பேற்றாகப் படிகின்றது. அமிலம் குறையக் குறைய உள்ளிருக்கும் திரவம் வெறும் நீரை நோக்கிப் போகின்றது. மீண்டும் மின்னேற்றும்போது சல்பேற்று கரைந்து அமிலம் திரவத்துக்குத் திரும்பி வருகின்றது. ஆகவே திரவத்தின் அடர்த்தியைப் பார்த்தால் அந்தக் கலத்தின் வயிறு நிறைந்திருக்கின்றதா, காலியாயிருக்கின்றதா என்று அறியலாம். இதற்காகவே நீரமானி.

புதிதாய்ப் படிந்த சல்பேற்று மென்மையானது, எளிதிற் கரையும். ஆனால் பற்றரியை அரைகுறையாக ஏற்றி வாரக்கணக்காக வைத்திருந்தால், ஈரத்திற் கிடந்த சீமெந்து இறுகுவதுபோல அது இறுகிவிடும். இறுகிய பகுதி மீண்டும் உழைக்காது. இதையே பசியால் வரும் சாவு என்றோம்.

மோட்டார் வாகனப் பற்றரிக்கும், வீட்டு விளக்குக்கென விற்கப்படும் ஆழ்சுழற்சிப் பற்றரிக்கும் வேறுபாடு உண்டு. முன்னையதன் தகடுகள் மெல்லியவை. இயந்திரத்தைக் கிளப்பும் சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் கொடுப்பதே அதன் தொழில். பின்னையதன் தகடுகள் தடித்தவை. மெதுவாக, நீண்ட நேரம், ஆழமாக இறங்கி ஏறக்கூடியவை. "டீப் சைக்கிள்" என்று கடையிற் கேட்டு வாங்குவது இதனையே. ஆயினும் இதையும் அடிக்கடி அரைவாசிக்குக் கீழே இறக்கலாகாது.

2. வரவு செலவுக் கணக்கு

குடும்பச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பதுபோலப் பற்றரிக்கும் பார்ப்போம். 5 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 50 வாற்-மணி. 5 வாற் வானொலி நான்கு மணித்தியாலம் பாடினால் 20. இரண்டு தொலைபேசிகளுக்கு ஏறத்தாழ 20. மொத்தம் 90 வாற்-மணி. இதை 12-ஆற் பிரித்தால் நாளொன்றுக்கு 7½ அம்பியர்-மணி.

100 அம்பியர்-மணிப் பற்றரியில் நாம் எடுக்கத்தக்கது அரைவாசி, அதாவது 50. வெளிவரவு எதுவும் இல்லையெனில் இது ஆறு நாட்களுக்குப் போதும். இனி, மழைக்காலத்திற் சூரியத் தகட்டிலிருந்து நாளுக்கு 4 அம்பியர்-மணி வருகின்றது எனக் கொள்வோம். செலவு 7½, வரவு 4, குறை 3½. பதினான்கு நாட்களிற் குறை 49. ஆகவே இவ்வாறான குடும்பம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பற்றரியை மின்வழங்கியில் நிறைய ஏற்றவேண்டும். ஆண்டு முழுவதும் தகட்டை மட்டும் நம்பியிருப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டதாகவே முடியும்.

இதற்கான மின்செலவு அதிகமன்று. 50 அம்பியர்-மணிக் குறையை நிரப்ப, இழப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் போதும்.

3. மின்வழங்கியை அறிந்துகொள்வோம்

வானொலி திருத்துவோரின் மேசைகளில் இரண்டு திருகு குமிழ்கள் உள்ள பெட்டி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். ஒன்று வோல்ற்றளவை மாற்றும், மற்றது மின்னோட்டத்துக்கு எல்லை போடும். 0 தொடக்கம் 20 அல்லது 30 வோல்ற் வரையும், 10 அம்பியருக்குக் குறையாமலும் கொடுப்பது நமது தேவைக்குப் பொருத்தமானது. பெட்டியின் முழுப் பலத்தையும் மணிக்கணக்காக வாங்காது, பத்தில் எட்டுப் பங்கோடு நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது.

கடைகளிற் பல பற்றரிகளை ஒரே கோவையில் இணைத்து இரவு முழுவதும் ஏற்றும் வழக்கம் உண்டு. அங்கே ஒவ்வொரு பற்றரிக்கும் தனிக் கவனம் கிடைப்பதில்லை. ஒன்று கொதிக்க, மற்றொன்று பசியோடு திரும்பும். இரு குமிழ் உள்ள மின்வழங்கியோ நமது பற்றரிக்கு வேண்டிய அளவை அறிந்து கொடுக்க உதவுகின்றது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இந்தப் பெட்டிக்குத் தானே நிறுத்தத் தெரியாது. போட்ட எண்ணை அது பிடித்துக்கொண்டேயிருக்கும். கண்காணிப்பவர் நாமே.

இதனோடு இரண்டு பாதுகாப்புகள் சேர்க்கவேண்டும்.

முதலாவது, நேர் முனைக் கம்பியில், பற்றரிக்கு அண்மையில், 15 அம்பியர் உருகி. 

இரண்டாவது, அதே கம்பியில் 20 அம்பியருக்குக் குறையாத ஓர் இருவாயி, அதாவது டயோட். ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்வெட்டு வந்தால், பற்றரியிலிருந்து மின் பின்னோக்கிப் பாய்ந்து பெட்டியைக் கெடுக்கக்கூடும். இருவாயி ஒருவழிக் கதவாக நின்று அதைத் தடுக்கும். அது சூடாகும், ஆகவே அலுமினியத் தகட்டில் இறுக்கிப் பொருத்தவேண்டும். தன் பங்குக்கு 0.6 அல்லது 0.7 வோல்ற்றை அது பிடித்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைப்போம்.

கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருத்தல் வேண்டும். 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில், போக 3 மீற்றரும் வர 3 மீற்றரும் வைத்து 10 அம்பியர் அனுப்பினால், வழியிலேயே ஏறத்தாழ 1 வோல்ற் இழக்கப்படும். ஆகவே பெட்டியின் முகப்பிலுள்ள எண்ணை நம்பாது, மல்ரிமீற்றரைப் பற்றரியின் முனைகளிலேயே வைத்துப் பார்க்கவேண்டும்.

4. நிறைய ஏற்றும் முறை

கீழே தரப்படும் அளவுகள் மூடியைத் திறந்து நீர் விடக்கூடிய 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரிக்கானவை. பற்றரியில் உற்பத்தியாளர் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுக.

அ. விளக்கு, வானொலி, இன்வேட்டர், சூரியத் தகடு யாவற்றையும் கழற்றிவிடுக. முனைகளிற் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த நீரால் துடைக்கவும். அந்த நீர் கலத்தினுட் சென்றுவிடலாகாது.

ஆ. மூடிகளைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்கவும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் விடுக. முழுமட்டத்துக்கு நிரப்புவது ஏற்றி முடிந்த பின்னரே, ஏனெனில் ஏறும்போது மட்டம் உயரும்.

இ. பற்றரியை இணைக்கு முன் மின்வழங்கியை இயக்கி, இருவாயியின் பங்கையும் சேர்த்து 15 வோல்ற்றில் வைக்கவும். மின்னோட்டக் குமிழை ஆகக் குறைந்த நிலைக்குத் திருகவும். பின்னர் பெட்டியை நிறுத்துக.

ஈ. நேர் முனையோடு நேர், மறை முனையோடு மறை. இணைத்த பின் இன்னொருவரும் பார்த்து உறுதி செய்யட்டும்.

உ. பெட்டியை இயக்கி மின்னோட்டத்தை மெதுவாக 10 அம்பியருக்குக் கொண்டுவருக. பொதுவிதி, அம்பியர்-மணி எண்ணின் பத்தில் ஒரு பங்கு. 60 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 6 அம்பியர்.

முதல் மணித்தியாலங்களில் நாம் வைத்த வோல்ற்றளவு தெரியாது. பற்றரி முனையில் 12.8, 13.2 என்று மெதுவாகவே ஏறும். இதைக் கண்டு குமிழைத் திருகிவிடலாகாது. பசியோடு வந்தவர் உண்ணும் நேரம் அது. அரைவாசி இறங்கிய பற்றரி நான்கைந்து மணித்தியாலத்தில் 14.4 வோல்ற்றை எட்டும். அதன்பின் வோல்ற் நின்றுவிட, மின்னோட்டம் 8, 5, 3 என்று தானாகவே குறையும். இந்தக் கட்டத்திற் பற்றரி முனையில் 14.4 தாண்டாதபடி ஒருமுறை சரிபார்த்துச் சிறிது திருத்துக. மின்னோட்டம் அதிகமாயிருக்கும்போது கம்பியில் இழப்பதை ஈடுகட்ட வோல்ற்றைக் கூட்டிவிட்டால், பின்னர் மின்னோட்டம் குறையும் வேளையில் அந்த மேலதிகம் முழுவதும் பற்றரியின் தலையில் இறங்கும்.

மின்னோட்டம் 1 அல்லது 2 அம்பியருக்கு இறங்கி ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றால் ஏற்றம் முடியும் தறுவாயில் உள்ளது. இந்த இறுதிக் கட்டத்துக்கு மூன்று நான்கு மணித்தியாலம் செல்லும். பலர் இதற்கு முன்னரே கழற்றிக்கொண்டு போய்விடுகின்றனர். பசி மிஞ்சுவது இங்கேதான். முடிந்ததும் பெட்டியை முதலில் நிறுத்தி, பின்னரே கவ்விகளைக் கழற்றுக. தொடர்ந்து இணைத்து வைப்பதானால் பற்றரி முனையில் 13.5 வோல்ற்றுக்குக் குறைத்து வைக்கவும்.

மேற்சொன்ன 14.4 என்பது 25 பாகை செல்சியசுக்கானது. மலையகத்தின் குளிரிற் பற்றரி சற்று மந்தமாக வாங்கும். பற்றரியின் வெப்பநிலை 15 பாகையெனில் 0.2 தொடக்கம் 0.3 வோல்ற் கூட்டிக்கொள்ளலாம்.

5. நிறைந்ததா என்று அறிவது எப்படி?

ஏற்றி முடிந்த உடனே வோல்ற் பார்ப்பது ஏமாற்றும். சில மணித்தியாலம் ஓய்வில் வைத்தபின், எதுவும் இணைக்காமற் பார்க்கவேண்டும். 12.7 எனில் நிறைவு. 12.4 எனில் முக்கால். 12.2 எனில் அரை. 12.0 எனிற் கால். 11.8-க்குக் கீழ் என்றால் ஏறத்தாழ வெறுமை.

நீரமானி இதனிலும் உண்மை பேசும். ஏனெனில் அது ஆறு கலங்களையும் தனித்தனியே விசாரிக்கின்றது. பொதுவாகத் தன்னீர்ப்பு 1.265 எனில் நிறைவு, 1.225 முக்கால், 1.190 அரை, 1.155 கால். குளிர்ந்த திரவம் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். ஆகவே 27 பாகையிலிருந்து ஒவ்வொரு 10 பாகை குறைவுக்கும் வாசிப்பிலிருந்து 0.007 கழிக்கவும். நீர் விட்ட உடனே வாசிப்பு எடுப்பதிற் பயனில்லை. நீர் கலந்திருக்காது.

6. சமப்படுத்தும் ஏற்றம்

ஆறு கலங்களும் ஒரே நாளிற் செய்யப்பட்டவை என்றாலும் ஒரே மாதிரி முதிர்வதில்லை. ஒன்று சற்றுப் பின்தங்கும். ஆறு பேர் ஒரே கயிற்றைப் பிடித்து மலையேறும்போது பின்தங்குபவரின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆகின்றது. பற்றரியிலும் அதுவே. பின்தங்கிய கலம் முதலில் வெறுமையாகும். மற்ற ஐந்தும் தொடர்ந்து இழுக்க, அது மேலும் கெடும். ஏற்றும்போதோ நிறைந்த ஐந்தும் வோல்ற்றை உயர்த்திவிட, மின்னோட்டம் குறைந்து, பசித்த கலம் பசியோடே நிற்கும்.

இன்னொரு குறையும் உண்டு. பிளேன்ரீயிற் போட்ட சீனி அடியிலே தங்குவதுபோல, அடர்ந்த அமிலம் கலத்தின் அடியிலே தங்கிவிடும். மேலே நீர்த்தன்மை, கீழே கடும் அமிலம். இரண்டுமே தகட்டுக்குக் கேடு. தேநீரைக் கரண்டியாற் கலக்கலாம். பற்றரியைக் கலக்குவது வாயுக் குமிழ்கள்.

இந்த இரண்டு குறைகளையும் நீக்குவதே சமப்படுத்தும் ஏற்றம். வழக்கமான ஏற்றம் முற்றாக முடிந்த பின், வோல்ற்றை உயர்த்தி, சிறிய மின்னோட்டத்தைச் சில மணித்தியாலம் செலுத்துகின்றோம். நிறைந்த கலங்கள் குமிழிட்டுக்கொண்டிருக்க, பின்தங்கிய கலம் தன் பங்கைப் பெற்றுக்கொள்கின்றது.

எப்போது செய்வது? நிறைய ஏற்றிய பின்னரும் கலங்களிடையே தன்னீர்ப்பு வேறுபாடு 0.030-க்கு மேல் இருந்தால். அல்லது எல்லாக் கலமும் 1.250-க்குக் கீழேயே நின்றுவிட்டால். மாதம் ஒருமுறை அளந்து பார்ப்போம். தேவையில்லாதபோது செய்வது தகடுகளைத் தேய்க்கும்.

செய்யும் முறை:

அ. பற்றரியோடு வேறெதுவும் இணைந்திருக்கலாகாது. இந்த வோல்ற்றில் விளக்கும் வானொலியும் கருகிப்போகும்.

ஆ. தகடுகள் நீரில் மூழ்கியுள்ளனவா என்று மீண்டும் பார்க்கவும்.

இ. மின்னோட்ட எல்லையை 3 தொடக்கம் 5 அம்பியருக்கு வைக்கவும். பற்றரி முனையில் 15.5 வோல்ற் வரும்வரை வோல்ற்றை மெதுவாக உயர்த்தவும்.

ஈ. மணிக்கு ஒருமுறை பெட்டியை நிறுத்தி, குமிழ் அடங்கச் சில நிமிடம் பொறுத்து, ஆறு கலங்களையும் அளந்து எழுதவும்.

உ. அடுத்தடுத்து மூன்று வாசிப்புகளில் எந்தக் கலமும் உயராவிட்டால் நிறுத்துக.

ஊ. பற்றரியின் உடல் கையாற் தொடமுடியாத அளவுக்குச் சூடேறினால், அல்லது திரவம் 45 பாகையைத் தாண்டினால், உடனே நிறுத்தி ஆறவிடுக.

எ. முடிந்தபின் குறைந்த நீரை நிரப்புக.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். நிறைய ஏற்றிய பற்றரியின் ஆறு கலங்களும் 1.265, 1.260, 1.265, 1.225, 1.260, 1.255 என்று காட்டுகின்றன. நாலாவது கலம் 0.040 பின்தங்கியுள்ளது. சமப்படுத்த வேண்டும். மூன்று மணித்தியாலத்தின் பின் அது 1.250-க்கு வந்து நின்றால் நமது உழைப்பு வென்றது. மாறாக அது 1.150-இலேயே அசையாமல் நிற்க, மற்றவை கொதித்தால், அந்தக் கலத்தினுட் தகடுகள் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். அதற்கு மேல் ஏற்றுவது மின்சாரத்தை வீணாக்குவதாகும்.

முக்கிய எச்சரிக்கை: மூடி திறக்கமுடியாத பற்றரிகளைச் சமப்படுத்தலாகாது. மருந்து தெளிக்கும் கருவியில் வரும் சிறிய அடைத்த பற்றரிகளும், ஜெல் வகைகளும், லிதியம் பற்றரிகளும் இதில் அடங்கும். வெளியேறும் நீரை அவற்றினுள் மீண்டும் விட வழியில்லை. லிதியம் பற்றரி தீப்பற்றவும் கூடும்.

7. எந்த நீர்?

கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரே முறையானது. பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் கூடாது. அவற்றிற் கரைந்துள்ள இரும்பும் குளோரினும் தகட்டைக் கெடுக்கும். நீர் வாங்க வழியேயில்லாத நெருக்கடியில், மழை நன்றாகப் பெய்து வானம் கழுவப்பட்ட பின், திறந்த வெளியிற் சுத்தமான பிளாஸ்ரிக் பாத்திரத்தில் நேரே பிடித்த மழைநீரைப் பயன்படுத்தலாம். தகரக் கூரையில் வழிந்த நீர் வேண்டாம். குறைந்தது நீரேயன்றி அமிலமன்று. ஆகவே பழைய பற்றரிக்கு அமிலம் ஊற்றலாகாது.

8. உயிருக்கு ஆபத்து வராமல்

ஏற்றும்போது, சிறப்பாகச் சமப்படுத்தும்போது, ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். லயத்துக் காம்பறாவில் அடுப்பும் குப்பி விளக்கும் சாமி விளக்கும் அருகருகே உள்ளன. எனவே காம்பறாவினுள் ஏற்றவே கூடாது. பலர் தூங்கும் முகாம் மண்டபத்திலும் கூடாது. மழை படாத, காற்றோட்டமுள்ள தனிக் கொட்டில் வேண்டும். பீடி, சுருட்டு, நெருப்பு எதுவும் அங்கே வரலாகாது. பிள்ளைகளும் வரலாகாது.

கண்ணாடியும் இறப்பர்க் கையுறையும் அணிக. அமிலம் கண்ணிற் பட்டாற் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் நீரிற் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பெட்டி வீட்டு மின்சாரத்தில் இயங்குவதால் ஈரத் தரையில் வைக்காது பலகைமேல் வைக்கவும். கள்ளக் கம்பியில் இணைக்காது, ரிப் சுவிச் உள்ள முறையான இணைப்பில் இணைக்கவும்.

செத்த பற்றரியை உடைத்து ஈயம் உருக்குவதும், அமிலத்தைத் தேயிலைக் கானிலோ பீலிக்கு மேலோ ஊற்றுவதும் பெருங்கேடு. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடைக்காமல், நிமிர்த்தியபடியே கடைக்குக் கொடுத்துவிடுக.

9. இடம்பெயரும்போது

வீட்டை விட்டு அவசரமாக வெளியேறும்போது முதலில் உயிர், பின்னரே பொருள். பற்றரியை எடுத்துச்செல்ல நேரம் இருந்தால் நிமிர்த்தியே கொண்டுபோகவும். முனைகளைத் துணியாலோ இறப்பராலோ மூடவும். திரும்பிவர நாட்கள் ஆகும் எனில், பின்னர் அனுமதியோடு வீட்டைப் பார்க்கச் செல்பவர் பற்றரியையும் எடுத்து வரட்டும். பயன்படுத்தாத பற்றரியும் தானாகவே இறங்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றாவிட்டால் அதற்குள் சல்பேற்று இறுகத் தொடங்கும்.

மாதக்கணக்கிற் கைவிடப்பட்டிருந்த பற்றரியை உடனே எறிந்துவிடவேண்டாம். தகடு மூழ்க நீர் விட்டு, 3 அம்பியர் எல்லையில், 14.4 வோல்ற்றுக்குள் ஒன்றிரண்டு நாள் பகலில் ஏற்றிப் பார்க்கவும். பின்னர் சமப்படுத்தவும். எல்லாம் மீளும் என்று வாக்களிக்க முடியாது. ஆனால் ஒரு நாள் முயற்சிக்குப் பின் விற்பதில் நட்டமில்லை.

10. பொதுவில் நடத்துவோம்

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மின்வழங்கி, மல்ரிமீற்றர், நீரமானி ஆகியவற்றை வாங்கி ஓரிடத்தில் வைக்கலாம். பெண் ஒருவரும் ஆண் ஒருவருமாக இருவர் பழகிக்கொள்ளட்டும். மலையகத்திற் கொழுந்தின் நிறையைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் நமது பெண்களுக்கு உண்டு. அதே கவனம் இங்கும் போதும். ஒவ்வொரு பற்றரிக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, திகதி, ஓய்வு வோல்ற், ஆறு கலங்களின் வாசிப்பு, ஏற்றிய மணித்தியாலம், விட்ட நீர் என ஐந்தையும் எழுதுக. மின்சாரக் கட்டணத்துக்கும் நீருக்கும் ஒரு சிறு தொகை அறவிடுக. மூன்று மாதத்தில் அந்தப் புத்தகமே எந்தப் பற்றரி நலமாயுள்ளது, எந்தக் கலம் தளர்கின்றது என்று சொல்லிவிடும்.

பற்றரிகளை ஒவ்வொன்றாகவே ஏற்றுக. பழையதையும் புதியதையும் ஒன்றாக இணைத்தாற் பழையது புதியதையும் கீழே இழுக்கும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு:

1. நமது குடும்பம் நாளொன்றுக்கு எத்தனை அம்பியர்-மணி செலவிடுகின்றது? மழைக்காலத்தில் வரவு எவ்வளவு?

2. நமது குடியிருப்பிற் காற்றோட்டமும் முறையான மின்னிணைப்பும் உள்ள பாதுகாப்பான இடம் எது?

3. புத்தகம் எழுதும் பொறுப்பை யார் ஏற்பது? அவருக்குப் பதிலாள் யார்?

4. மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவில் நமது பற்றரி நிறைந்திருக்குமா? இன்றிரவே அந்த எச்சரிக்கை வந்தால் என்ன நிலை?

நாலாவது வினாவுக்கு விடை தெரியாவிட்டால், நாளை காலை மல்ரிமீற்றரோடு தொடங்குவோம்.